ரோலருக்கு விலை போட்ட நாள்

பாய்லரம்மாவுக்குப் பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அது பேங்க் புத்தகத்தோடு சரி. தெருவில் போய் அந்தப் பேரைச் சொல்லி விசாரித்தால் ஒருத்தருக்கும் தெரியாது. பஸ் டிப்போவின் பின்சுவரை ஒட்டித் தகரக் கூரை போட்ட நீளக் கொட்டகை ஒன்று. அதன் கூரையிலிருந்து வெள்ளையாக ஆவி கிளம்பினால் அவள் வேலைக்கு வந்துவிட்டாள் என்று அர்த்தம். டிப்போ டிரைவர்கள் அதைப் பார்த்துவிட்டுத்தான் முதல் டீயைச் சொல்வார்கள்.

கொட்டகையில் நடப்பது சலவை. வீட்டுத் துணி கிடையாது. ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்பு, லாட்ஜ் தலையணை உறை, ஆபரேஷன் அறையில் போட்டுக்கொள்ளும் பச்சை அங்கி, இப்படி. மூட்டை மூட்டையாக அழுக்கு உள்ளே வரும், கட்டுக் கட்டாக வெள்ளை வெளியே போகும்.

கல்யாணமாகி வந்த புதிதில் அவளுக்கு இந்தத் தொழிலில் ஒன்றும் தெரியாது. கையால் துவைத்துக்கொண்டிருந்த புருஷன் அப்போதுதான் கடன் வாங்கி மிஷின் போட்டிருந்தான். மிஷினைப் போட்டானே தவிர, பாய்லரைப் பற்றவைக்க அவனுக்குத் தைரியம் வரவில்லை. விற்றவன் சொல்லிக்கொடுத்ததை மனசுக்குள் ஒப்பித்துக்கொண்டே நின்றான். புதுப்பெண் பார்த்தாள். "வெடிச்சா ரெண்டு பேரும் சேர்ந்துதானே போவோம், தள்ளுங்க" என்று தீக்குச்சியைக் கிழித்துவிட்டாள். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பேர்தான் பாய்லரம்மா. புருஷன் போன பிறகும் பேர் போகவில்லை.

அவன் போன பிறகு தொழிலை நடத்தியது அவளும் கொழுந்தனும். வாசற்படிக்கு உள்ளே இருப்பதெல்லாம் அவள் பொறுப்பு, வெளியே இருப்பதெல்லாம் அவன் பொறுப்பு. வேனை எடுத்துக்கொண்டு போய்த் துணியை வாங்கி வருவான், கொண்டுபோய்க் கொடுப்பான், மேற்பார்வை நர்சிடம் திட்டு வாங்குவான். மிஷின் பக்கம் வரமாட்டான். எந்தப் பித்தானை அமுக்கினால் எது சுற்றும் என்பது அவனுக்குக் கடைசிவரை தெரியாது. அவளுக்கு வேன் கதவைச் சரியாகச் சாத்தத் தெரியாது. அதனால் சண்டை இல்லை.

மிஷின்களில் பெரியது இஸ்திரி ரோலர். ஓர் ஆள் நீளத்துக்கும் கூடுதலான இரும்பு உருளை, அதற்குள்ளே ஆவி ஓடும். ஈர விரிப்பின் நுனியை இந்தப் பக்கம் கொடுத்தால் அந்தப் பக்கம் அட்டை மாதிரி விறைத்துக்கொண்டு வரும். இழுத்து மூடிவிட்ட ஒரு ஹோட்டலில் பழசாக வாங்கியது. முன்சுவர் எழுப்புவதற்கு முன்னாலேயே உள்ளே கொண்டுவந்து வைத்துவிட்டதால், இனி அதை வெளியே எடுக்க வேண்டுமென்றால் சுவரை இடித்தாக வேண்டும்.

ரோலரின் வாயருகே குறுக்காக ஒரு கம்பி. துணியோடு சேர்ந்து விரல் உள்ளே போகப் பார்த்தால் அந்தக் கம்பியில் முட்டும், முட்டினால் ரோலர் அந்த நிமிஷமே நின்றுவிடும். கம்பி பழைய இடத்துக்குத் திரும்பினால்தான் மறுபடி சுற்றும். பாய்லரம்மாவின் வலக்கை விரல்கள் இன்றைக்கும் முழுசாக இருக்கின்றன என்றால் அது அந்தக் கம்பியின் தயவு. மடிப்பு வேலைக்கு யார் புதிதாக வந்தாலும் முதலில் கம்பியைத் தட்டிக் காட்டுவாள். "இது எனக்குக் கூடப்பிறந்தவன் மாதிரி" என்பாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த தொழிலில் கொழுந்தனுக்கு ஊரைவிட்டுப் போகவேண்டிய அவசியம் வந்தது. அவன் மாமனார் படுத்த படுக்கையாகிவிட்டார். மாமியார் இல்லை. பெண்டாட்டி ஒரே பெண். பஸ்ஸில் போனால் பொழுது முழுக்கப் போகும் தூரம். நியாயமான காரணம்தான். பாய்லரம்மாவாலேயே குற்றம் சொல்ல முடியவில்லை, முயற்சி செய்து பார்த்தாள்.

பாதிப் பங்கு அவனுடையது. அதை அவனுக்குக் கொடுத்துவிட்டால் கொட்டகை அவளுடையது. பாதி என்றால் எவ்வளவு? அங்கேதான் வந்தது வினை.

"நீ சொல்ற விலைக்கு அந்த ஆஸ்பத்திரியையே வாங்கிப்போடலாம், தம்பி."

"நீங்க சொல்ற விலைக்கு நம்ம துணி மூட்டை நிறுக்கிற தராசுகூடக் கிடைக்காது, அண்ணி."

"தராசு எதுக்கு, உன் வாய்க்கு ஒரு பூட்டு வாங்கினா போதும்."

பேங்க் மேனேஜர்தான் முடிவு சொன்னார். கடன் வேண்டுமானால் மிஷின்களுக்கு மதிப்புப் போடத் தெரிந்தவர் வந்து பார்த்து அறிக்கை கொடுக்கவேண்டும். இன்ன தொகைவரைக்கும் பேங்க் தரும், அதற்கு மேல் தராது. பாதிப் பங்கு அதற்குள் அடங்கினால் நல்லது. அடங்காமல் போனால் எல்லாவற்றையும் விற்றுப் பணத்தைப் பிரித்துக்கொள்வதைத் தவிர வேறு வழி இல்லை.

"ஒரு ஆணிகூட அந்தக் கொட்டகையை விட்டு வெளிய போகாது" என்றாள் பாய்லரம்மா, மேனேஜரைப் பார்த்து. ஏதோ அவரே ஆணி பிடுங்க வந்தவர் போல.

மதிப்புப் போடுகிறவர் சொல்வதுதான் விலை, அதற்கு மேல் ஒருத்தரும் வாய் திறக்கக்கூடாது என்று இரண்டு பேரும் ஒப்புக்கொண்டார்கள். கூலியும் ஆளுக்குப் பாதி.

செய்தி கேட்டு, மகளைக் கட்டிய மருமகன் வந்து சேர்ந்தார். அவருக்குத் தொழில், பழைய மோட்டார் சைக்கிள் வாங்கி விற்பது. விலை என்றாலே மூக்கு வியர்த்துவிடும்.

"அத்தை, இதுல நீங்க வாங்குற ஆளு. வாங்குற ஆளு பொருளைத் தொடச்சு வைக்கக்கூடாது. பஞ்சுத் தூசி படியட்டும், அழுக்கு தெரியட்டும். பாக்குறவர் மூஞ்சியைச் சுளிக்கணும். எவ்வளவுக்குச் சுளிக்கிறாரோ அவ்வளவுக்கு உங்களுக்கு லாபம்."

"பஞ்சு படிஞ்சா தீப்பிடிக்கும், மாப்பிள்ளை."

"தீப்பிடிக்காத இடமாப் பார்த்து விடுங்களேன்."

சாயங்காலம் கொட்டகையைச் சாத்துவதற்கு முன் மிஷின்களின் மேலே படிந்த பஞ்சை ஒரு பொட்டு விடாமல் துடைத்து எடுப்பது அவள் வழக்கம். காய்ச்சல் வந்த நாளில்கூட ஆள் அனுப்பிச் செய்தவள். கொட்டகை கையைவிட்டுப் போய்விடுமே என்ற பயத்தில் அந்த வாரம் துடைக்காமல் விட்டாள். துடைக்காமல் வீட்டுக்குப் போனால் சோறு இறங்கவில்லை. உலர்த்தும் மிஷினின் வடிகட்டியை மட்டும் மருமகனுக்குத் தெரியாமல் சுத்தம் செய்தாள். ரோலரின் பின்பக்கம் பஞ்சு நரைத்த தாடி மாதிரி தொங்கியது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கொழுந்தன் சும்மா இருப்பானா? அவன் விற்கிற ஆள். அவனிடமும் ஒரு சாவி இருந்தது. மதிப்புப் போடுகிறவர் வருவதற்கு முந்தின நாள் விடுமுறை. பச்சைப் பெயின்ட் டப்பாவும் பிரஷ்ஷுமாக வந்து, கண்ணில் பட்ட இடத்தையெல்லாம் பூசிவிட்டுப் போய்விட்டான். ரோலரின் முன்பக்கம் முழுக்கப் பூசுவதற்குள் பெயின்ட் தீர்ந்துவிட்டது. பின்பக்கம் என்று ஒன்று இருப்பதே அவனுக்கு நினைவில்லை.

காலையில் பாய்லரம்மா கதவைத் திறந்ததும் பெயின்ட் வாடை முகத்தில் அடித்தது. விளக்கைப் போட்டாள். பச்சைப் பசேலென்று நின்ற ரோலரைப் பார்த்ததும் அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"யாரைக் கேட்டுப் பூசினே? கல்யாணப் பொண்ணா இது?" என்று, வேனிலிருந்து இறங்கியவனைப் பிடித்துக்கொண்டாள்.

"நல்லாத்தானே இருக்கு அண்ணி. என் கைக்காசு."

"உன் கைக்காசுல உன் மூஞ்சியிலே பூசிக்க வேண்டியதுதானே!"

"நீங்க மட்டும் என்ன? பின்னாடி பஞ்சு மெத்தை தைக்கற அளவுக்குத் தொங்குது. வாழ்நாள்ல இந்தக் கொட்டகையில பஞ்சு பாத்ததில்லை நான். யாருக்காக வளர்த்தீங்க?"

மருமகன் தொண்டையைக் கனைத்தார். அந்த நேரம் பார்த்து வாசலில் ஒருத்தர் செருப்பைத் தட்டிக்கொண்டு நின்றார். குள்ளமான, பருத்த ஆள். தோளில் பை, நெற்றியில் வார் போட்டுக் கட்டிய டார்ச் லைட். அவர்தான் மதிப்புப் போடுகிறவர்.

"டீ சொல்லட்டுமா சார்?" என்றான் கொழுந்தன், பல்லெல்லாம் தெரிய.

"முடிச்சுட்டுக் குடிக்கிறேன். முன்னாடியே குடிச்சா போடற விலையும் இனிச்சுப்போயிடும்."

அவர் முதலில் ஒன்றையும் தொடவில்லை. கொட்டகையைச் சுற்றி ஒரு முறை நடந்தார். ரோலரை முன்னாலிருந்து பார்த்தார். பின்னால் போய்ப் பார்த்தார். திரும்ப முன்னால் வந்தார்.

"இந்த மிஷினுக்கு ரெண்டு முதலாளியா?"

மடிப்பு வேலை செய்யும் பெண்கள் தலையைக் குனிந்துகொண்டு தோள் குலுங்கச் சிரித்தார்கள்.

"முன்னாடி இருக்கறவர் விக்கிறார், பின்னாடி இருக்கறவங்க வாங்குறாங்க. சரிதானே? நான் பெயின்டுக்கும் விலை போடறதில்லை, அழுக்குக்கும் விலை கொறைக்கிறதில்லை. இத்தனை அழுக்குக்கு நடுவுல கிரீஸ் மட்டும் புதுசா இருக்கே, அதை மறைக்க மறந்துட்டீங்களேம்மா."

பாய்லரம்மா மருமகனைப் பார்த்தாள். மருமகன் கூரையைப் பார்த்தார்.

பிறகு அவர் வேலையைத் தொடங்கினார். ஒவ்வொரு மிஷினிலும் நம்பர் பொறித்த தகடு எங்கே இருக்கிறது என்று தேடிப் படம் எடுத்தார். ரோலரின் தகடு பெயின்டுக்கு அடியில் போய்விட்டது. நகத்தால் சுரண்டிச் சுரண்டி நம்பரை வெளியே கொண்டுவந்தார். எப்போது வாங்கியது, என்னென்ன மாற்றியது, ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் ஓடும் என்று கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார். கையால் தடவி, காதை வைத்துக் கேட்டு, டார்ச் அடித்து அடிவயிற்றைப் பார்த்தார். ஆஸ்பத்திரிக்கு வருகிற டாக்டர்கூட நோயாளியை இப்படிப் பார்க்கமாட்டார் என்று பாய்லரம்மாவுக்குத் தோன்றியது. மனசுக்குள் அந்த ஆளைப் பிடித்துப்போய்விட்டது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

"பேங்க் என்கிட்ட ஓடுற தொழிலா விலை கேட்டிருக்கு. ஓடுற மிஷினுக்கு ஓடுற மிஷின் விலை. ஓடாததுக்கு இரும்பு விலை, அதுலயும் வெளிய எடுக்கற செலவு கழியும். ஒண்ணொண்ணா ஓட்டிக் காட்டுங்க."

துவைக்கும் மிஷின்கள் ஓடின. பிழியும் மிஷின் ஓடியது. போன வருஷம் வாங்கிய சின்ன வாஷரும் அதற்கு ஜோடியான டிரையரும் பூனை மாதிரி சத்தமில்லாமல் ஓடின. கடைசியில் ரோலர். பாய்லரம்மா பித்தானை அமுக்கினாள். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அமுக்கினாள். ஊகூம்.

அவள் கண் தானாகக் குறுக்குக் கம்பிக்குப் போனது. பார்த்ததுமே விளங்கிவிட்டது. பூசும்போது கம்பி உள்ளே தள்ளப்பட்டு, அப்படியே பெயின்டோடு காய்ந்து ஒட்டிக்கிடந்தது. விரல் மாட்டியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு ரோலர் நின்றுகொண்டிருந்தது, பாவம்.

மதிப்புப் போடுகிறவரும் அந்தக் கம்பியைப் பார்த்தார். அவர் பார்த்ததை அவளும் பார்த்தாள்.

"எனக்கு ஏன்னு தெரியுது" என்றார் அவர். "ஆனா நான் கை வைக்க மாட்டேன். நான் கை வச்சா ஒருத்தருக்கு வேண்டியவனா ஆயிடுவேன், இன்னொருத்தருக்கு வேண்டாதவனா ஆயிடுவேன். வெளிய போய் பாய்லரோட புகைபோக்கியைப் பாத்துட்டு வர்றேன். வரும்போது ஓடினா ஓடுதுன்னு எழுதுவேன். ஓடலைன்னா ஓடலைன்னு எழுதுவேன்."

அவர் வாசலைத் தாண்டியதும் மருமகன் அவள் காதோடு வந்தார்.

"அத்தை, வாயைத் திறக்காதீங்க. இரும்பு விலை, அதுலயும் சுவரை இடிக்கிற செலவு கழியும். நீங்க குடுக்கவேண்டிய பாதி பேங்க் தர்ற தொகைக்குள்ள உக்காந்துடும். பொய் ஒண்ணும் சொல்ல வேண்டாம். சும்மா நின்னா போதும்."

மருமகன் சொன்னதில் கணக்குப் பிசகு ஒன்றும் இல்லை. ரோலர் ஓடாவிட்டால் கொட்டகை அவளுக்கு. ஓடினால் கொட்டகையே போனாலும் போகும். பாய்லரம்மா சும்மா நின்றாள். இரண்டு கையையும் முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு நின்றாள்.

கொழுந்தன் ரோலரைச் சுற்றிச் சுற்றி வந்தான். பிளக்கைப் பிடுங்கிச் சொருகினான். பித்தானைத் தட்டினான், குத்தினான். குனிந்து அடியில் பார்த்தான். எதைப் பார்க்கிறோம் என்று அவனுக்கே தெரியவில்லை. நிமிர்ந்தபோது மூக்கு நுனியில் பச்சைப் பெயின்ட்.

"அண்ணி, நான்தான் கெடுத்துட்டேனா?"

அவள் முந்தானையை இன்னும் இறுக்கிச் சுருட்டினாள்.

"அண்ணன் வாங்கி வச்சதுல இது ஒண்ணுதான் இன்னும் ஓடிக்கிட்டிருந்தது. அதையும் நான் கொன்னுட்டேன். அவர் என்ன எழுதறாரோ எழுதட்டும், நஷ்டத்தை என் பங்குலயே கழிச்சுக்குங்க. உங்க பங்குல கை வைக்க வேண்டாம்."

பாய்லரம்மா சுருட்டிய கையைப் பிரித்தாள்.

"கொன்னாராம் கொன்னாரு. பெரிய கொலைகாரன்! தள்ளு அந்தப் பக்கம். கறை எடுக்கிற தின்னர் எங்கே? ஒரு பழைய துணி எடுத்துக்கிட்டு வா."

"அத்தை..." என்றார் மருமகன்.

"மாப்பிள்ளை, நீங்க அந்தத் தொடப்பத்தை எடுங்க. பின்பக்கம் இருக்கிற பஞ்சு ஒரு இழை பாக்கி இல்லாம வரணும். என் மிஷினை ஓடாதுன்னு எழுதிட்டுப் போக நான் இன்னும் சாகலை."

மருமகன் வாழ்நாளில் மாமியார் வீட்டில் துடைப்பம் தொட்டது கிடையாது. எடுத்தார். கூட்டினார். பஞ்சு தலையெல்லாம் ஒட்டிக்கொண்டு திடீரென்று வயசாகிவிட்டது அவருக்கு.

பாய்லரம்மா தின்னரில் துணியை நனைத்துக் கம்பியின் இரண்டு முனையிலும் வைத்துத் தேய்த்தாள். இளகிய பெயின்டைக் கத்தி முனையால் நோண்டி எடுத்தாள். குழந்தைக்குக் காது குடைவது மாதிரி பொறுமையாகச் செய்தாள். கம்பி 'டக்'கென்று வெளியே வந்தது. பித்தானை அமுக்கினாள். ரோலர் ஒரு முறை இருமிவிட்டுச் சுற்ற ஆரம்பித்தது.

மதிப்புப் போடுகிறவர் திரும்பி வந்தபோது ஓர் ஆஸ்பத்திரி விரிப்பு இந்தப் பக்கம் ஈரமாக நுழைந்து அந்தப் பக்கம் விறைப்பாக வந்துகொண்டிருந்தது. ஓரத்தில் இத்துனூண்டு பச்சை.

"ஓடுது" என்றார் அவர்.

"ஓடும்" என்றாள் பாய்லரம்மா.

கம்பியைக் கட்டையால் தட்டிப் பார்த்தார். ரோலர் நின்றது. விட்டார், ஓடியது. எழுதிக்கொண்டார். பையை மூடினார். "இப்ப டீ சொல்லுங்க" என்றார்.

அறிக்கை வந்த அன்று மூன்று பேரும் மடிப்பு மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். மருமகன் ஒவ்வொரு மிஷினாகப் படித்துக்கொண்டே வந்தார். ரோலருக்குப் போட்டிருந்த விலையைக் கேட்டதும் பாய்லரம்மாவின் முகம் மலர்ந்தது. உடனே சுதாரித்துக்கொண்டு முகத்தைச் சுருக்கினாள். மொத்தத்தைப் படித்து, பாதியைச் சொன்னார் மருமகன். பேங்க் தரும் தொகைக்கு மேலேதான் போயிருந்தது. கொஞ்சநஞ்சம் இல்லை.

"நான் கொறைச்சுக்கறேன் அண்ணி" என்றான் கொழுந்தன். "பேங்க் என்ன குடுக்குதோ அது போதும்."

"ஏன், நான் உன்கிட்டப் பிச்சை கேட்டேனா? அவர் சொல்றதுதான் விலைன்னு நீயும் சொன்னே, நானும் சொன்னேன்."

"அப்ப மிச்சத்துக்கு?"

"மிச்சத்துக்கு..." என்று அவள் இழுத்தாள். "அங்க போய் நீ என்ன பண்ணப்போறே? மாமனார் கட்டில் பக்கத்துல உக்காந்து ஈ ஓட்டப்போறியா?"

கொழுந்தன் மேசை விளிம்பைத் தடவினான். "அந்த ஊர்ல ரெண்டு ஆஸ்பத்திரி இருக்கு. சரியான சலவைக்காரங்க இல்லை. சின்னதா ஒண்ணு போடலாம்னு..."

"போடலாம்னு இருந்தா வாயைத் திறந்து சின்ன வாஷரையும் டிரையரையும் கேக்கறதுக்கென்ன?"

"எப்படிக் கேக்கறது? ஒரு ஆணிகூட வெளிய போகாதுன்னு மேனேஜர் முன்னாடியே சொன்னீங்களே."

சொன்னது சொன்னதுதான். சொன்னதை மாற்றிப் பேசிப் பாய்லரம்மாவுக்குப் பழக்கமில்லை. அந்தச் சின்ன வாஷரைப் பார்த்தாள். புதுசு. செல்லம். இதுவரை ஒரு தடவைகூட மக்கர் பண்ணாதது.

"மாப்பிள்ளை, அது ரெண்டுக்கும் அவர் என்ன விலை போட்டிருக்கார்னு படிங்க."

படித்தார். அந்த இரண்டையும் கொழுந்தன் பங்கில் சேர்த்துவிட்டால் மீதி பேங்க் தொகைக்குள் அடங்கியது. டீ வாங்கவும் கொஞ்சம் மிஞ்சியது.

"எடுத்துக்கிட்டுப் போ" என்றாள். எழுந்து பாய்லர் பக்கம் போய்விட்டாள். கண்ணில் ஆவி பட்டது போலத் துடைத்துக்கொண்டாள். பாய்லரை அன்றைக்குப் பற்றவைக்கவே இல்லை.

வாஷரையும் டிரையரையும் வேனில் ஏற்றிய அன்று, தரையோடு பிடித்திருந்த போல்ட்டுகளை அவளே ஸ்பேனர் போட்டுக் கழற்றினாள். மிஷின் கதவுகள் வழியில் திறந்துகொள்ளாமல் பழைய விரிப்பால் கட்டினாள். கொழுந்தன் பெண்டாட்டி கையில் ஒரு கட்டு வெளுத்த துணியைக் கொடுத்தாள், அவள் அப்பாவின் கட்டிலுக்கு. எல்லாம் ஆன பிறகு, கழற்றிய போல்ட்டுகளைக் கொழுந்தன் கையை நீட்டிக் கேட்டான். அவள் அவற்றை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"இது இங்கதான் இருக்கும்."

"அண்ணி! போல்ட் இல்லாம எப்படி நிறுத்தறது?"

"ஆணிகூட வெளிய போகாதுன்னு சொல்லியிருக்கேன். மிஷின் ஆணி இல்லை, போகலாம். இது ஆணிக்குச் சொந்தம், போகாது."

கொழுந்தன் சிரித்துக்கொண்டே வேனை எடுத்தான். வேனை முதலிலேயே அவன் பங்கில் எழுதியாகிவிட்டது. அவள் வழக்கம்போலக் கதவைச் சரியாகச் சாத்தாததால் தெருமுனையில் நிறுத்தி, இறங்கி, சாத்திக்கொண்டு போனான்.

பிறகு ஒரு நாள் போன் வந்தது.

"அண்ணி, வாஷர் ஓட ஆரம்பிச்சா நடக்குது. நேத்து வாசல்வரைக்கும் வந்துடுச்சு. என் பெண்டாட்டி பயந்து கட்டில் மேல ஏறிட்டா."

"போல்ட் வாங்கிப் போடறதுக்கென்ன?"

"இங்க அந்தக் கனத்துல கிடைக்கலை. அதுதான்..."

"நான் எதையும் அனுப்ப முடியாது. சொன்னா சொன்னதுதான்" என்று போனை வைத்துவிட்டாள்.

வைத்த கையோடு முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு போல்ட்டை எடுத்துக்கொண்டு, டிப்போவுக்கு எதிரே இருக்கும் இரும்புச் சாமான் கடைக்குப் போனாள். அதே கனத்தில், அதே நீளத்தில் புதுசாக வாங்கினாள். வாஷருக்கும் டிரையருக்குமாகச் சேர்த்து, நட்டும் இரும்பு வளையமும் மேலே ரெண்டு கூடவே போட்டு. அந்த ஊருக்குப் போகிற பஸ்ஸின் டிரைவரிடம் பொட்டலத்தைக் கொடுத்தாள்.

"கொட்டகையிலேர்ந்தாம்மா?" என்றார் டிரைவர்.

"இல்லை" என்றாள் பாய்லரம்மா. "கடையில வாங்கினது."